தேவாங்குக்கு இரை பிடித்த வீடு

தேவாங்கை முதலில் தொட்டது நான்தான். அந்தப் பெருமையில் பங்கு கேட்டு இன்றுவரை யாரும் வரவில்லை. வந்தால் முழுசாகவே தூக்கிக் கொடுத்துவிடுவேன்.

நான் பிறந்தது அஞ்சுகிராமத்துப் பக்கம். பனையும் உடைமரமும் காற்றும் தவிர வேறு சொத்தில்லாத பூமி. என்னைக் கட்டிக்கொடுத்தது கீரிப்பாறைக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் ஓர் ஊரில். வீட்டுக்குப் பின்னால் பெரிய விளை. தென்னை, பலா, அயனி, கமுகு என்று மரங்கள், ஊடே வாழையும் மரச்சீனியும். பெரிய மரம் ஒவ்வொன்றிலும் நல்லமிளகுக் கொடி ஏற்றியிருக்கும். “நம்ம விளையில இல்லாத சாதனம் உண்டா?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மாமனார் கேட்பார். அந்த விளையில் அவர் கையால் நட்டது ஒரு கீரைத்தண்டுகூடக் கிடையாது.

அவருக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. வயலைக் குத்தகைப் பாட்டத்துக்கு விட்டுவிட்டுக் கூட்டங்களுக்குப் போவார். அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தோம். தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்த காலம். மாமனார் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, உரிமை உரிமை என்று தொண்டை கட்டக் கத்திவிட்டு வருவார். வந்ததும் வெந்நீர் கேட்பார். வெந்நீர் சூடு போதாவிட்டால் அதற்கும் ஒரு கத்து உண்டு.

மாமியாரைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். குழம்பில் உப்புக் கூடினால் என் பேரைச் சொல்லுவாள். சரியாக இருந்தால் உப்பு நல்ல உப்பு என்பாள். என் வீட்டுக்காரர் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் அளந்து எழுதுகிறவர். அளவில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று அங்கே பேர் வாங்கியிருந்தார். வீட்டுக்குள் நடப்பது எதுவும் அவர் கண்ணில் பட்டதில்லை. அப்பா சொன்னால் சரி, அம்மா சொன்னால் அதைவிடச் சரி. மூன்று மணிக்கு வந்து சோறு தின்றுவிட்டுத் தூங்குவார்.

அந்த வீட்டில் நான் மதித்தது ஒரே ஓர் ஆளை. என் நாத்தனார். பதினேழு வயசு. யாரைப் பற்றியும் பொல்லாப்புச் சொல்லத் தெரியாது. அவள் அம்மா என்னைப் பேசிவிட்டுப் போனால், பின்னாலேயே வந்து, “மைனி, நான் அரைக்கேன், நீங்க மாறுங்கோ” என்று அம்மியைப் பிடித்துக்கொள்வாள். நாகர்கோவிலில் கோர்ட்டு குமாஸ்தா ஒருவருக்கு அவளைப் பேசியிருந்தார்கள். பங்குனியில் நிச்சயதாம்பூலம் என்று முடிவாகியிருந்தது.

மாசி மாதம் கும்பப்பூ அறுப்பு முடிந்து, பாட்ட நெல் வீட்டுக்கு வந்தது. அவள் சுளவில் நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தபோது உமியின் கூர்முனை ஒன்று தெறித்து இடது கண்ணில் பட்டது. அன்று சாயங்காலமே கண் சிவந்துவிட்டது. மறுநாள் திறக்க முடியவில்லை. நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் நான் இமையை விலக்கிப் பார்த்தேன். கருவிழியில் நொய்யளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

“நாகர்கோவிலுக்குக் கொண்டுபோவோம், அத்தை. பஸ்ஸில ஒரு மணிக்கூர்தானே” என்றேன்.

“கொண்டுபோயி? மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த தெருவுலதான் ஆசுபத்திரி. எம் மவளுக்குக் கண்ணுல கோளாறுண்ணு அங்க போயி தம்பட்டம் அடிக்கச் சொல்லுதியா?”

மாமனார் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், “கண்ணுநோவு தானா வரும், தானா போவும்” என்றார். நான் மிளகு பறிக்கப் பெட்டியை எடுத்துக்கொண்டு விளைக்குப் போய்விட்டேன்.

கொடியின் உச்சியில் பறிக்க ஏணிக்காரன் வருவான். கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதைப் பறிப்பது மருமகளின் வேலை. பலாமரத்துக் கொடி இலை அடைந்து கிடந்தது. ஒரு சரம் பழுத்துத் தெரிந்தது. அதைப் பறிக்கக் கையை உள்ளே விட்டேன். மெத்தென்று, சூடாக ஏதோ தட்டுப்பட்டது. நான் கையை இழுப்பதற்குள் அது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. ஐந்து விரலும் உள்ள ஒரு சின்னக் கை. பயத்தில் நான் போட்ட கூச்சலில் கமுகில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பிப் போயின.

இலையை விலக்கினால் இரண்டு கண்கள். அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய கண்கள். மற்றபடி பூனைக்குட்டி அளவு உடம்பு, குச்சிக் கை, குச்சிக் கால், வால் கிடையாது. பகல் வெளிச்சம் பிடிக்காமல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. என் விரலை மட்டும் விடவில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் தாயத்து விற்கிறவன் தோளில் இதைப் பார்த்திருக்கிறேன். சந்தையில் பெரியவர்கள் பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“அத்தை, தேவாங்கு” என்று கத்தினேன். அதோடு நிறுத்தவில்லை. “கண்ணுக்கு மருந்துண்ணு சொல்லுவாவல்லா?”

மாமியார் ஓடிவந்த ஓட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. முந்தானையைப் போட்டு அமுக்கி, ஓலைக் கடவப்பெட்டிக்குள் தள்ளி, அடுக்களைச் சாய்ப்பில் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்தாள். வைத்துவிட்டு என் கன்னத்தை வழித்து விரலைச் சொடுக்கினாள். “எம் மருமவளுக்குக் கை ராசியான கை. தேடுன மருந்து தானா கையில வந்து பிடிச்சிருக்கு பாரு.” ஒன்றரை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று.

அன்று மத்தியானமே கண் வைத்தியர் வந்தார். பக்கத்து ஊர். பரம்பரை வைத்தியர். தன் கண்ணுக்கும் அவரே வைத்தியம் பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது, வாசற்படியில் இடறிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். நாத்தனாரின் கண்ணை ஒரு தரம் பார்த்தார். கடவத்தைத் தூக்கித் தேவாங்கை நான்கு தரம் பார்த்தார்.

“கொள்ளாம். பிராயமான ஆண்” என்றார். “அமாவாசையண்ணைக்கு உயிரோட கனலுக்கு நேரே பிடிக்கணும். கண்ணுல வடியுத நீரைத் தேனில குழைச்சு மூணு நாள் போட்டா, பூ விழுந்த கண்ணும் தெளிஞ்சிரும். அதுவரைக்கும் இதை உயிரோட வச்சுக்கிடணும், கேட்டியளா? செத்துப்போச்சுண்ணா கொணம் கிடையாது.”

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் பிள்ளையின் கண்ணுக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. வைத்தியரும் சொல்லவில்லை. அவர் நேந்திரம்பழம் இரண்டு தின்று, காப்பி குடித்துவிட்டுப் போனார். ஆறாம் பாரம்வரை படித்த நான், அவர் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தேன்.

அதன்பின் நடந்ததை நினைத்தால் சிரிப்பதா காறித் துப்புவதா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. தேவாங்குக்குப் பாலும் சோறும் வைத்தார்கள். தொடவில்லை. பாளையங்கோட்டான் பழம் வைத்தார்கள். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பூச்சிதான் தின்னும் என்று எஸ்டேட்டில் யாரோ சொன்னதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவ்வளவுதான், குடும்பமே பூச்சி பிடிக்கக் கிளம்பிவிட்டது.

மாமனார் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அறுப்பு முடிந்த வயலில் வெட்டுக்கிளிக்குப் பின்னால் தாவினார். வரப்பில் நின்று வயலைப் பார்ப்பாரே தவிர, வயலுக்குள் அவர் இறங்கி நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான். மாமியார் நெல் கொட்டும் பத்தாயத்தை நகர்த்தி, பின்னால் ஒளிந்திருந்த கரப்பான்களைத் துடைப்பத்தால் தட்டிப் பிடித்தாள். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்கு அரைநாள் லீவு போட்டார். லீவு. கல்யாணத்துக்கு மறுநாளே வேலைக்குப் போன மனிதர், தேவாங்குக்கு லீவு போட்டு, பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு, அதற்குள் தத்துக்கிளி சேர்த்தார். “இண்ணைக்கு இருபத்திரெண்டு” என்று டப்பாவைக் காட்டினார். ரப்பர் பால் அளக்கிற அதே முகம்.

நாகர்கோவில் பஸ் தினமும் ஏழரைக்கும் பத்துக்கும் எங்கள் முக்கில் நின்றுதான் போகும். அந்த வயலில் தாவுகிறவருக்கு ஹாரன் சத்தம் கேட்கிற தூரம்தான்.

நாத்தனாரை அரங்குக்குள் வைத்திருந்தார்கள். வெளிச்சம் படக்கூடாது, யார் கண்ணிலும் படக்கூடாது. பாத்திரமும் பழைய சாக்கும் கிடக்கிற ஜன்னல் இல்லாத அறை. சாப்பாட்டைக் கொண்டுபோனால் முதலில் கேட்பாள்: “மைனி, அது ஏதாவது தின்னுச்சா?”

“ரெண்டு தத்துக்கிளி தின்னுச்சு” என்பேன்.

மூன்றாம் நாள் அவள் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். “அதைக் கனல்ல காட்டுவாவளா, மைனி?”

“யாரு சொன்னா?”

“வைத்தியரு சொன்னது இங்க கேட்டுது. எனக்கு வெளக்கு வெளிச்சம் பட்டாலே கண்ணுக்குள்ள ஊசியால குத்துது. அதுக்கு எங்ஙன இருக்கும்?”

நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று அவள் கண்ணை நான் விலக்கிப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் ஏதாவது சொல்லவேண்டி வரும். சொன்னால் மாமியாரின் முகம் மாறும். மூன்று நாளாக அவள் எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ஆற்றுப்படுகையில் துணி துவைக்கும் பெண்களிடம் எல்லாம் என் கைராசியைப் பாடிக்கொண்டிருந்தாள்.

இவர்கள் எப்பேர்ப்பட்ட அறிவாளிகள் என்பதற்குப் பெரிய அத்தாட்சி இதுதான். பெற்ற பிள்ளையை அரங்குக்குள் ஒளித்து வைத்தவர்களுக்குத் தேவாங்கை ஒளித்து வைக்கத் தோன்றவில்லை. அந்த வட்டாரத்தில் தேவாங்கைப் பிடித்து ஒருவன் எதற்கு வீட்டில் வைப்பான்? கொஞ்சவா? பால் குடிக்கிற குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லும், அந்த வீட்டில் யாருக்கோ கண் போகிறது என்று.

நான்காம் நாள் கல்யாணத் தரகர் வந்தார். நிச்சயதாம்பூலத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்ல வந்த மனிதர், கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். போகிற வழியில் சாய்ப்பில் கடவம் குலுங்குவதைப் பார்த்துக் குனிந்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் வந்த காரியம் மறந்துபோயிருந்தது.

“என்ன அண்ணாச்சி, தேவாங்கு பிடிச்சு வச்சிருக்கிய? வீட்டுல யாருக்குக் கண்ணு?”

மாமியார் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் பவுடர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மாமனார் மார்பை நிமிர்த்திக்கொண்டு, மேடையில் பேசுகிற குரலில், “எனக்குத்தான்வே” என்றார். “நாலு நாளா ஒரே உறுத்தல். பாக்க முடியல்ல.”

அவர் இரண்டு கண்ணையும் விரியத் திறந்து வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். தரகர் ஓர் அடி கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். மாமனாருக்கு அப்போதுதான் உறைத்தது. வலதுகண்ணைப் பட்டென்று மூடி, கையால் பொத்திக்கொண்டார். “வெளிச்சம் பட்டா நீரு கொட்டுது” என்றார். தரகர் அனுதாபப்பட்டு, காப்பி குடித்துவிட்டு, பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமனார் பச்சைத் துணி கிழித்துத் தரச் சொன்னார். என் பழைய ரவிக்கை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். அதைக் கண்ணில் கட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தார், சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டுமே. மறுநாள் முதல் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவர் கண்ணை விசாரிக்க. பலகாரம், பழம், இளநீர். ஆளாளுக்கு ஒரு பக்குவம் சொன்னார்கள். இவர் முனகிக்கொண்டே கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் குளித்துவிட்டுத் துணியை இடதுகண்ணில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என்னைத் தவிர ஒருத்தரும் கவனிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. அப்படியே கூட்டத்துக்கும் போய்வந்தார். கண் நோவோடு வந்திருக்கிறார் என்று பெஞ்சுக்குப் பதிலாக நாற்காலி கொடுத்து, பேசும்போது அவரைப் பேர் சொல்லிப் பாராட்டினார்களாம். சாப்பிடும்போது அதை இரண்டு தரம் சொன்னார்.

விசாரிக்க வந்த கூட்டத்துக்குக் காப்பி போட்டுப் போட்டு எனக்கு இடுப்பு ஒடிந்தது. நல்ல கண்ணுக்கு வாசலில் பத்துப் பேர். சுவரின் மறுபக்கத்தில், இருட்டில், நிஜமாகவே கண் அழுகிக்கொண்டிருந்த பெண், சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று சாக்கை வாயில் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான் காப்பி டம்ளர்களோடு அரங்கைத் தாண்டிப் போனேன், வந்தேன். ஒரு நாளில் எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

ஏழாம் நாள் காலையில் கடவம் குலுங்கவில்லை. மாமியார் தூக்கிப் பார்த்தாள். தேவாங்கு கை கால்களை மடக்கி, ஓலைப் பின்னலைப் பிடித்தபடியே செத்திருந்தது. சுற்றிலும் அது தின்னாத தத்துக்கிளிகள்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமனார் கட்டியிருந்த துணியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு கண்ணாலும் நன்றாகப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சைக்கிளில் வைத்தியரிடம் ஓடினார். செத்ததின் கண் ஆகாது, இன்னொன்று பிடியுங்கள், அடுத்த அமாவாசைக்குப் பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மனுஷருக்கு அடுத்த அமாவாசை வரைக்கும் நிம்மதி.

“செரி, மலைக்கு ரெண்டு ஆளு விட்டுத் தேடச் சொல்லுவோம்” என்றார் மாமனார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒனக்குத்தான் கைராசி உண்டுல்லா, மக்களே. விளையில மிச்சமுள்ள கொடியெல்லாம் ஒருக்க தடவிப் பாரு.”

நான் அரங்குக்குள் போனேன். அவளை எழுப்பி உட்கார வைத்து, விளக்கைக் கிட்டே கொண்டுவராமல், கதவைத் திறந்து அந்த வெளிச்சத்தில் இமையை விலக்கினேன். நொய்யளவு இருந்த வெள்ளை கருவிழி முழுக்கப் பரவியிருந்தது. விரலில் சீழ் ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஏழு நாள் கழித்து, ஒருவழியாக எனக்குக் கோபம் வந்தது.

வெளியே வந்து, “மாமா, அந்தக் கட்டை அவுத்துப் போடுங்கோ” என்றேன். “நாளைக்கு ஏழரை பஸ்ஸில நான் இவளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறேன். தடுக்க நினைக்கவிய இப்பமே தடுங்கோ.”

சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். மாமியார் மூக்கைச் சிந்தினாள். என் வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார், அப்பா முற்றத்தைப் பார்த்தார். கடைசியில் மாமனார், “தலையில முக்காடு போட்டுக் கூட்டிட்டுப் போ” என்றார். அவ்வளவுதான். நான் இத்தனை நாள் பயந்து நடுங்கிய அதிகாரம் அவ்வளவுதான். ஒரு பெண்பிள்ளை குரலை உயர்த்தினால் தடுக்கக்கூட அங்கே ஆள் கிடையாது. முதல் நாளே உயர்த்தியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். 

டாக்டர் வயசானவர். அவளை உட்காரவைத்து, விளக்கடித்துப் பார்த்தார். அவசரப்படாமல், அவள் வலியில் தலையைப் பின்னுக்கு இழுத்தபோதெல்லாம் காத்திருந்து பார்த்தார். எத்தனை நாளாச்சு என்று கேட்டார். பத்து நாள் என்றேன்.

“ரெண்டு மூணு நாளில கொண்டுவந்திருந்தா மருந்து விட்டே ஆத்தியிருக்கலாம். இனி நோவை நிப்பாட்டலாம், புண்ணை ஆத்தலாம். இந்தக் கண்ணில பார்வை வராது.” அவளிடமும் அதையே சொன்னார், ஒளிக்காமல். அவள் தலையை ஆட்டினாள். மருந்து விட்டு, பஞ்சு வைத்துக் கட்டினார். கை கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“உங்க வீட்டில படிச்சவங்க ஒருத்தரும் இல்லையா?”

“இல்லை” என்றேன்.

வாய் கூசவில்லை. அவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். மாமனாரை, மாமியாரை, என் வீட்டுக்காரரை, வைத்தியரை, தரகரை எல்லாரையும் நான் இத்தனை வருஷமாக எவ்வளவோ திட்டியிருக்கிறேன், இப்போதும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தச் சம்பந்தம் நின்றது. குமாஸ்தா இரண்டு கண்ணும் உள்ள ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போனார். அவரையும் திட்டியிருக்கிறேன். ஆனால் அவர்களில் ஒருத்தரும் அந்த டாக்டர் முன்னால் நின்று அப்படி ஒரு பொய்யைச் சொல்லவில்லை.

பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து வந்தோம். வெயில். முக்காட்டை அவள் எடுத்துவிட்டிருந்தாள். நான் மறுபடி போடப் போனேன், கையை விலக்கினாள்.

“வீட்டுல அவ்வோளுக்கு ஒண்ணும் தெரியாது, மைனி” என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். “ஒங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்” என்றேன்.

பஸ் வந்தது. எனக்கு முன்னால் அவள் ஏறினாள். காலியாக இருந்த சீட்டில் வலதுபக்க ஓரமாக உட்கார்ந்து, கட்டுப் போட்ட கண்ணின் பக்கம் என்னை உட்காரச் சொன்னாள். ஊர் வந்து சேரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.